பிரதி, நகல், காப்பகம்: ரசிகர் அனிமேஷன் குறித்துச் சில குறிப்புகள்

கார்ட்டூன் படங்களைத் தொகுத்து இணையத்தில் வைக்கும் ஒரு காப்பகம், ரசிகர்கள் தம் கைப்பட வரைந்து உண்டாக்கிய படங்களையும் தனது பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டுமா, கூடாதா? கேட்பதற்கு அற்பமான கேள்வியாகத் தெரியும். பொம்மைப் படத்துக்கெல்லாம் எதற்குக் காப்பகம், அதிலும் அசல் என்ன, போலி என்ன என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. ஆனால் எது காக்கத்தக்கது, எது குப்பைக்குப் போக வேண்டியது என்று தீர்மானிக்கிற இடம் எதுவானாலும் அங்கே அதிகாரம் செயல்படுகிறது என்று ஒப்புக்கொண்டவர்கள், இந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் விலக்கு அளிக்க முடியாது. ஐரோப்பிய மொழிகளில் காப்பகத்தைக் குறிக்கும் சொல்லின் கிரேக்க மூலம் ஆட்சியாளர்களின் வீட்டைக் குறித்தது என்பதைத் தெரிதா 1994இல் லண்டனில் ஆற்றிய உரையில் எடுத்துக்காட்டினார். ஆவணங்கள் அந்த வீட்டில் இருந்தன. அவற்றுக்குப் பொருள் சொல்லும் உரிமையும் அந்த வீட்டுக்காரருக்கே இருந்தது. கார்ட்டூன் காப்பகத்தின் வீட்டுக்காரர் யார்?

அதன் பதிவுத் தாளைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். படத்தின் பெயர், தயாரித்த ஸ்டுடியோ, இயக்குநர், வெளியிட்ட நிறுவனம், திரையிட்ட அல்லது ஒளிபரப்பிய நாள் என்று கட்டங்கள். ரசிகர் படத்துக்கு ஸ்டுடியோ இல்லை, வெளியீட்டு நிறுவனம் இல்லை, உரிமையாளர் இருக்கிறார், ஆனால் அவர் படம் செய்தவர் அல்ல. ஆகவே கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன. காலியாகக் கிடப்பதைக் காட்டி, 'பார், இது முறையான படமே இல்லை' என்கிறார்கள். தாளைத் தயாரித்தபோதே கேள்விக்குப் பதில் எழுதியாகிவிட்டது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ரசிகர் அனிமேஷன் என்று ஒரே பெயரில் நாம் போட்டு அடைப்பவை ஒரே சரக்கு அல்ல. பிறர் உருவாக்கிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு கதையை வரைவது ஒன்று. ஏற்கெனவே வந்த படத்தை ஆளுக்குச் சில விநாடிகள் என்று பங்கு போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் பாணியில் மறுபடி வரைந்து ஒட்டுவது இன்னொன்று. ஸ்பாஞ்ச்பாப் திரைப்படத்தை முந்நூறு பேர் போலச் சேர்ந்து இப்படி மறுவரைவு செய்து 2022 மே மாதம் வெளியிட்டார்கள். பாத்திரத்தின் உரிமையாளரே 'வரைந்துகொள்ளுங்கள்' என்று நிபந்தனைகளோடு திறந்துவிட்ட இடத்தில் வரைவது மூன்றாவது வகை. 2007இல் வந்த ஹட்சுனே மிக்கு என்ற ஜப்பானியக் குரல் மென்பொருளின் முகமாக இருந்த அந்தப் பச்சைப் பின்னல் பெண் அப்படித்தான் ஊரெல்லாம் ஆடினாள். அரைகுறையாக நின்றுபோன படத்தையோ, வெட்டிச் சிதைத்து வெளியிடப்பட்ட படத்தையோ ரசிகர் ஒருவர் தேடிச் சேர்த்துத் தைப்பது நான்காவது. இந்த நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் டைக்கான்.

1981இல் ஜப்பானின் ஒசாகாவில் அறிவியல் புனைகதை ரசிகர்களின் தேசிய மாநாடு நடந்தது. ஒசாகா என்ற பெயரின் முதல் எழுத்தை 'டை' என்றும் வாசிக்கலாம். டை என்பதோடு மாநாட்டுக்குரிய சொல்லின் முதல் அசையைச் சேர்த்தால் டைக்கான். ஜப்பானிய மொழியில் அது முள்ளங்கியும்கூட. மாநாட்டின் தொடக்கத்தில் காட்டுவதற்காக ஹிதேயாகி அன்னோ, ஹிரோயுகி யமாகா, தகாமி அகாய் என்ற மூன்று மாணவர்கள் முன்னின்று எட்டு மில்லிமீட்டர் சுருளில் ஒரு சிறுபடம் செய்தார்கள். பள்ளிப் பையை முதுகில் மாட்டிய ஒரு சிறுமிக்கு விண்கலத்தில் வந்தவர்கள் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொடுக்கிறார்கள். வழியெல்லாம் பிறர் படங்களிலிருந்து வந்த இயந்திர மனிதர்களும் அசுரங்களும் மறிக்கின்றன, காட்ஸில்லாகூட வருகிறது. எல்லாரையும் அடித்துப்போட்டுவிட்டு வாடிக் கிடக்கும் ஒரு முள்ளங்கிக்கு அவள் தண்ணீர் ஊற்றுகிறாள். முள்ளங்கி விண்கலமாகிப் பறக்கிறது. அவ்வளவுதான் கதை. அனிமேஷனுக்கென்று விற்கும் செல் தாள் வாங்கக் காசில்லாமல் சாதாரண வினைல் தாளை வெட்டி அதன்மேல் வரைந்தார்கள். படம் ஆடுகிறது, நெளிகிறது. கோடு சில இடங்களில் தடுமாறுகிறது. அதைப் பார்க்கிறபோது கைகள் தெரிகின்றன.

1983இல் அதே நகரில் மறுபடி மாநாடு. இம்முறை பதினாறு மில்லிமீட்டர். சிறுமி வளர்ந்துவிட்டாள், முயல் காது உடையில் ஒரு வாளின் மேல் ஏறி வானத்தில் பறக்கிறாள். டார்த் வேடர், ஸ்பைடர்மேன், பேட்மேன் என்று உலகத்து வெகுசனக் கற்பனையின் மொத்தக் கும்பலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகிறது. பின்னணியில் எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பிரிட்டிஷ் குழுவின் 'ட்வைலைட்' பாட்டு, அனுமதி வாங்காமல். ஓரிடத்தில் அணுகுண்டு போல ஒன்று வெடித்து நகரம் அழிய, சிதறுவது செர்ரிப் பூ இதழ்கள். ஜப்பானில், ஹிரோஷிமாவுக்கு முப்பத்தெட்டு வருஷம் கழித்து, போரைப் பார்க்காத இளைஞர்கள் அதை இப்படி வரைந்திருக்கிறார்கள். இதில் பரவசம் இருக்கிறது, பொறுப்பின்மையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியவில்லை என்பதால்தான் இதைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டு படங்களும் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் தலையிலிருந்து கால்வரை திருட்டு. பாத்திரங்களும் அவர்களுடையவை அல்ல, பாட்டும் அவர்களுடையது அல்ல. பாட்டுக்கு உரிமை இல்லாததால் பரவலான விற்பனைக்கு ஒருபோதும் வர முடியவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1984 டிசம்பரில் கைனாக்ஸ் என்ற ஸ்டுடியோ பிறந்தது. 1987இல் அதன் முதல் திரைப்படம், 1995இல் 'இவாஞ்சலியன்'. இனி அதிகாரபூர்வப் படங்களை மட்டுமே ஏற்கும் காப்பகம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதில் 1987இல் திடீரென்று, வானத்திலிருந்து குதித்ததுபோல, ஒரு ஸ்டுடியோ முழு வளர்ச்சியோடு வந்து நிற்கும். அதற்கு முந்தைய ஆறு வருஷம் இருக்காது. கருவுற்றதற்கான சுவடே இல்லாத பிறப்பு!

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'பின்னாளில் பெரிய ஆட்களானார்கள், ஆகவே அவர்களின் பால்யகாலக் கிறுக்கல்களையும் சேர்த்துக்கொள்வோம், மற்றவை வேண்டாம்.' பல காப்பகங்கள் நடைமுறையில் செய்வதும் இதைத்தான். எனக்கு இது உவப்பாக இல்லை. வெற்றி பெற்றவனின் வரலாற்றை வெற்றியிலிருந்து பின்னோக்கி எழுதுவது இது. பெரிய எழுத்தாளரின் சலவைக் கணக்கும் அவருடைய படைப்பில் சேருமா என்று பூக்கோ 1969இல் நக்கலாகக் கேட்டாரே, அதே சிக்கல்தான். ஆசிரியன் என்ற பெயரின் பலத்தில் கிறுக்கல் படைப்பாகிறது. பெயர் இல்லாதவனின் படைப்பு கிறுக்கலாகவே நின்றுவிடுகிறது. 1981இல் அந்த மாநாட்டு அரங்கில் இருந்தவர்கள் மூவரில் யார் பின்னாளில் என்ன ஆவார் என்று தெரிந்துகொண்டா கைதட்டினார்கள்?

அன்னோவின் கதையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1981இல் அவர் பங்கெடுத்த ரசிகர் படத்தில் காட்ஸில்லா அனுமதியின்றி நடந்து போனது. 2016இல் அதே காட்ஸில்லாவை வைத்து உரிமை நிறுவனமான தோஹோவுக்காகவே அவர் 'ஷின் காட்ஸில்லா' எடுத்தார். இரண்டு காட்ஸில்லாக்களுக்கும் இடையில் மாறியது ஒப்பந்தம். கையும் மனசும் ஏறக்குறைய அதேதான். 2017இல் அனிமேஷன் மற்றும் பொம்மைமாதிரிச் சினிமாவின் மூல வரைபடங்களையும் மாதிரிகளையும் காப்பதற்காக லாபநோக்கற்ற ஓர் அமைப்பும் அவர் தலைமையில் தொடங்கப்பட்டது. காப்பகம் வேண்டும் என்ற பதைப்பு ரசிக மனத்திலிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான்காவது வகைக்கு வருவோம். ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்ற கனடாவில் பிறந்த அனிமேஷன் கலைஞர் லண்டனில் இருந்துகொண்டு 1964இல் முல்லா நஸ்ருதீன் கதைகளை வைத்து ஒரு படம் தொடங்கினார். அது மாறி மாறி 'திருடனும் செருப்புத் தைப்பவனும்' என்ற கதையாயிற்று. விளம்பரப் படங்களில் சம்பாதித்ததைக் கொண்டுவந்து இதில் கொட்டினார். 1988இல் வந்த 'ரோஜர் ராபிட்' படத்தின் வெற்றிக்குப் பிறகுதான் வார்னர் பிரதர்ஸ் பணம் போட முன்வந்தது. குறித்த காலத்தில் முடியவில்லை. 1992 மே மாதம், ஏறத்தாழக் கால்மணி நேரப் படம் மிச்சமிருக்கும்போது, படம் அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. முடித்துக் கொடுக்க உத்தரவாதம் அளித்திருந்த நிறுவனம் வேறொருவரை வைத்துப் பாட்டுகளைச் செருகி, காட்சிகளை வெட்டி, 1993இல் ஒரு வடிவத்தை வெளியிட்டது. 1995இல் மிராமாக்ஸ் இன்னும் வெட்டி, வில்லியம்ஸ் ஊமையாக வைத்திருந்த திருடனையும் வாயாடியாக்கி அமெரிக்காவில் வெளியிட்டது.

இதற்கிடையில் வில்லியம்ஸின் வேலைப்பிரதி, அதாவது பாதி வண்ணமும் பாதி பென்சில் கோடுமாக இருந்த பதிப்பு, வீடியோ நாடாவில் கைமாறிக் கைமாறிப் பரவியது. நகலின் நகல், அதன் நகல் என்று மங்கிப்போய். 2006இல் காரெட் கில்கிரிஸ்ட் என்ற ரசிகர் அந்த வேலைப்பிரதியையும் வெளியான வடிவங்களில் இருந்த நல்ல துண்டுகளையும் சேர்த்து, வில்லியம்ஸ் நினைத்த வரிசையில் தைத்து ஒரு வடிவம் செய்தார். அதோடு விடவில்லை, மேலும் மேலும் திருத்தி 2013இல் நான்காவது பதிப்பைக் கொண்டுவந்தார். அதே வருஷம் டிசம்பரில்தான் வில்லியம்ஸின் சொந்த வேலைப்பிரதியை அமெரிக்கத் திரைப்பட அகாதெமி திரையிட்டது.

இப்போது காப்பகக்காரரிடம் கேட்போம்: எது அசல்? அதிகாரபூர்வமானவை 1993ஆம் 1995ஆம் வருஷத்து வடிவங்கள். படைத்தவர் அவற்றைத் தன்னுடையவையாக ஏற்கவில்லை. படைத்தவரின் எண்ணத்துக்கு அருகில் இருப்பது அதிகாரபூர்வமற்ற ரசிகர் வடிவம். சட்டம் அதைப் பிரதியாகவே ஏற்காது. 'அதிகாரபூர்வம்' என்பதும் 'மூலம்' என்பதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு கட்டிய பட்டியல் இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

நாம் பத்திருபது வருஷமாக ஒரு கோட்பாட்டுச் சொல்லுக்கு இணையாகப் 'பிரதி' என்று எழுதிப் பழகிவிட்டோம். அதே சொல்தான் தமிழில் நகலுக்கும். ஓலையில் எழுதிய காலத்தில் இந்த இரட்டைப் பொருள் யாரையும் உறுத்தவில்லை. படியெடுக்காமல் நூல் உயிரோடு இருக்க முடியாது, படியெடுத்தவன் கைவரிசை காட்டாமல் இருக்கவும் மாட்டான். கம்பராமாயணத்தைப் பதிப்பித்தவர்கள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்பதை அனிமேஷன் காப்பகக்காரர்கள் தெரிந்துகொண்டால் நல்லது. ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட, கம்பன் வாக்கல்ல என்று தோன்றிய பாடல்களை அவர்கள் தீயில் போடவில்லை; 'மிகைப் பாடல்கள்' என்று தனியாக அச்சிட்டார்கள். மூலத்தோடு கலக்கவும் இல்லை, இல்லையென்று மறைக்கவும் இல்லை. யாரோ ஒருவர் ஒரு நூலை அவ்வளவு நேசித்து அதற்குள் போய்ப் பாட ஆசைப்பட்டிருக்கிறார் என்ற தகவல் அப்படித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. இலக்கணக்காரர்களும் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றுக்கும் இடம் வைத்தார்கள். வழிநூல் என்பது வசைச்சொல்லாக இருந்ததில்லை.

கலக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கலந்ததால் வந்த கேடும் வரலாற்றில் இருக்கிறது. வின்சர் மெக்கே 1914இல் 'கெர்ட்டி என்ற டைனோசர்' செய்தார். ஒன்றிரண்டு வருஷத்தில் அதே டைனோசர், ஏறக்குறைய அதே வித்தைகள், மட்டமான வரைவில் ஒரு போலிப் படம் வந்தது. பாணியைப் பார்த்து பிரே ஸ்டுடியோவின் வேலை என்று கருதுகிறார்கள். இது ரசிகரின் வேலை அல்ல, காசு பார்க்கச் செய்தது. இந்தப் போலியைக் காப்பகத்திலிருந்து தூக்கி எறியச் சொல்வேனா? மாட்டேன். ஒரு பாத்திரம் பிறந்த வேகத்திலேயே திருடப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. 'இது மெக்கே செய்ததல்ல' என்ற சீட்டு அதன் நெற்றியில் இருக்க வேண்டும், அவ்வளவே.

அதிகாரபூர்வப் பதிவு மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. பீலிக்ஸ் பூனை 1919இல் திரைக்கு வந்தபோதும் அதற்குப் பிறகு வருஷக்கணக்காகவும் அதன்மேல் இருந்த பெயர் ஸ்டுடியோ முதலாளி பாட் சல்லிவனுடையது. வரைந்தது பெரும்பாலும் ஓட்டோ மெஸ்மர் என்ற ஊழியர் என்பது சல்லிவன் 1933இல் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகுதான் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ரசிகர் படத்தில் செய்தவனின் பெயர் இருக்கும், உரிமை இருக்காது. ஸ்டுடியோ படத்தில் உரிமை இருக்கும், செய்தவனின் பெயர் இருக்காது. இதில் எதை நம்பகமான ஆவணம் என்பீர்கள்?

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பயம் பொய்யல்ல. 1971இல் அமெரிக்காவில் சில இளம் ஓவியர்கள் மிக்கி மவுஸை வைத்து இரண்டு கேலிப் பத்திரிகைகள் போட்டதற்கு டிஸ்னி வழக்குத் தொடர்ந்தது. கேலிக்குத் தேவையானதற்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்று 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலே சொன்ன ஸ்பாஞ்ச்பாப் மறுவரைவும் வெளியான அன்றே பதிப்புரிமைப் புகாரில் முடக்கப்பட்டு, பிறகுதான் திரும்ப வந்தது. ஆனால் இந்த விவாதத்தில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு படம் இருந்தது, இன்னார் இன்ன வருஷம் இதை வைத்து இப்படிச் செய்தார் என்று பதிவது ஒன்று. அந்தப் படத்தையே எல்லாரும் பார்க்கும்படி வைப்பது வேறொன்று. முதலாவதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. இரண்டாவது ஆபத்தானது என்பதற்காக முதலாவதையும் செய்ய மறுப்பது சட்டத்துக்கு அடங்குவது ஆகாது. சட்டம் கேட்காததையும் தூக்கிக் கொடுப்பது அது.

தவிர, சட்டத்தின் கோடு நகர்ந்துகொண்டே இருப்பது. 1928ஆம் வருஷத்து 'ஸ்டீம்போட் வில்லி' படத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1இல் முடிந்தது. அந்தப் பழைய மிக்கியை வைத்து டிசம்பரில் படம் வெளியிட்டவன் குற்றவாளி, அதே படத்தை ஜனவரியில் வெளியிட்டவன் கலைஞன். நாட்காட்டித் தாளைக் கிழிப்பதோடு தகுதி வந்துவிடும் என்றால் அதைத் தகுதி என்று சொல்வதா? 1960களின் கடைசியில் மில்டன் கிளேசரும் லீ சாவேஜும் ஒரு நிமிஷ அளவுக்கு ஒரு படம் செய்தார்கள். மிக்கி மவுஸ் பட்டாளத்தில் சேர்கிறான், கப்பலில் வியட்நாம் போகிறான், இறங்கியதும் தலையில் குண்டு பட்டுச் செத்துக் கிடக்கிறான். சிரித்த வாய் தொங்கிப்போகிறது. இதைச் செய்ய வேறு ஒரு எலியை வரைந்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் அவர்களுக்குப் படம் புரியவில்லை என்று அர்த்தம். அந்த எலி அமெரிக்கக் குழந்தைப் பருவத்தின் முகமாக இருந்ததால்தான் அந்தக் குண்டு சுடுகிறது. பல வருஷம் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்த அந்தப் படம் 2013இல் இணையத்தில் வந்த பிறகுதான் பரவலாகப் பார்க்கக் கிடைத்தது. அதைச் செய்தவர்கள் ரசிகர்கள் அல்ல, தேர்ந்த தொழில்முறைக் கலைஞர்கள். ஆனால் அதிகாரபூர்வம் என்ற சல்லடையில் இதுவும் ரசிகர் படமும் ஒன்றாகவே கீழே விழும்.

கோட்பாட்டாளர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்? மிஷேல் தெ செர்த்தோவிடமிருந்து 'களவு வேட்டை' என்ற உருவகத்தை எடுத்து ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் ரசிகர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்: பிறர் நிலத்தில் புகுந்து வேண்டியதை வேட்டையாடிக்கொள்ளும் வாசகர்கள். ஜப்பானில் எய்ஜி ஓட்சுகா 1989இல் வேறொன்று சொன்னார். குழந்தைகள் வாங்குவது ஒரு பொம்மையையோ ஓர் அத்தியாயத்தையோ அல்ல, அதன் பின்னால் இருக்கும் பெரிய கதையை. அந்தக் கதையின் விதிகள் பிடிபட்டதும் அவர்களே தங்கள் துண்டுகளைச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள் என்றார். 2001இல் ஹிரோகி அசுமா இன்னும் ஒரு படி போனார். பெரிய கதையும் இப்போது இல்லை; இருப்பது தரவுக் களஞ்சியம். பூனைக் காது, முயல் காது, நீலத் தலைமயிர் என்று உறுப்புகளின் கிடங்கு. அசலும் அதிலிருந்து எடுக்கப்பட்டது, ரசிகர் படைப்பும் அதிலிருந்து எடுக்கப்பட்டது, ஆக இரண்டும் சமமான போலிகள்.

அசுமாவின் வாதம் என் கட்சிக்கு வசதியானது. ஆனாலும் அதை அப்படியே வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. எல்லாம் களஞ்சியத்திலிருந்து வந்தவை என்று சொல்லிவிட்டால் உழைப்பு மறைந்துவிடுகிறது. ஒரு விநாடிப் படத்துக்கு இருபத்துநாலு சட்டகம். இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்று வைத்தாலும் பன்னிரண்டு வரைபடம். வினைல் தாளில் மை காயக் காத்திருந்தவனுக்குக் களஞ்சியம் எதையும் செய்து கொடுக்கவில்லை. ராத்திரி ராத்திரியாக முதுகு நோக உட்கார்ந்தவன் அவன். கூலியில்லாத இந்த உழைப்பு நிறுவனங்களுக்கு இலவச விளம்பரமாகவும் போய்ச் சேருகிறது. வேண்டுமானால் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், வேண்டாமென்றால் வக்கீல் நோட்டீஸ். இந்த ஏற்றத்தாழ்வைப் 'போலிகளின் சமத்துவம்' என்ற சொல் பூசி மெழுகிவிடும். எனவே காப்பகப் பதிவில் நான் முதலில் பார்க்க விரும்புவது யார் வரைந்தார்கள், எத்தனை பேர், எதை வைத்து, எத்தனை நாள் என்பதைத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதிகாரபூர்வப் படங்களை நிறுவனங்கள் பத்திரமாக வைத்திருக்கும், நாம் கவலைப்பட வேண்டாம் என்ற நம்பிக்கை சமீப வருஷங்களில் தேய்ந்துபோயிற்று. 2022 ஆகஸ்டில் வார்னர் நிறுவனம் தன் எச்பிஓ மேக்ஸ் சேவையிலிருந்து 'இன்ஃபினிட்டி டிரெயின்' உட்படப் பல தொடர்களைத் தூக்கியது. 2024 ஆகஸ்டில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் பழைய அமெரிக்க இணையதளம் மூடப்பட்டது. 2025 மார்ச்சில் 1930களிலிருந்து 1960கள் வரைக்குமான லூனி டியூன்ஸ் குறும்படங்களே அந்தச் சேவையிலிருந்து போயின. அடோபி நிறுவனம் பிளாஷ் மென்பொருளை 2020 டிசம்பர் 31உடன் கைவிட்டபோது, இருபது வருஷமாகப் பையன்களும் பெண்களும் அதில் செய்து குவித்த படங்கள் ஒரே நாளில் கண்ணிழந்தன. அவற்றை மறுபடி ஓடச் செய்தவர்கள் யார்? பிளாஷ்பாயிண்ட், ரஃபிள் போன்ற தன்னார்வ முயற்சிகளும் இன்டர்நெட் ஆர்க்கைவும். கைனாக்ஸே 2024இல் திவாலாகிப் போயிற்று. நிறுவனம் கைவிட்டதைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு ரசிகன் வேண்டும், அவன் வரைந்தது மட்டும் வேண்டாம் என்றால் இது என்ன நியாயம்? வாசலைக் கூட்டுகிறவனை உள்ளே விடாத வீடு நமக்குத் தெரியாததா.

சரி, வெள்ளம் என்ன செய்வது? இதுதான் எதிர்த்தரப்பில் எனக்கு மெய்யான ஆட்சேபமாகப் படுகிறது. தரம் என்ற வாதத்தை நான் பொருட்படுத்தவில்லை. தொலைக்காட்சிக்கென்று வாரந்தோறும் அள்ளிக் கொட்டிய அதிகாரபூர்வக் குப்பைகளை வரிசை எண் போட்டு வைத்திருக்கிறவர்கள் தரத்தைப் பற்றிப் பேச அருகதை இல்லாதவர்கள். ஆனால் எண்ணிக்கை வேறு விஷயம். ஒவ்வொரு பத்து விநாடித் துணுக்கையும் ஏற்றால் பட்டியல் பட்டியலாக இருக்காது. என் அளவுகோல் எளியது. பொதுவில், செய்தவரின் நண்பர் வட்டத்துக்கு வெளியே, ஒரு முறையாவது காட்டப்பட்டிருக்க வேண்டும். எதிலிருந்து எடுத்தது என்று சொல்ல முடிய வேண்டும். அதைப் பார்த்து வேறு யாராவது எதையாவது செய்திருந்தால், அல்லது அதன்மேல் சண்டை போட்டிருந்தால், அது கட்டாயம் உள்ளே வர வேண்டும். 2005இல் ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சி, டைக்கான் படத்தை நினைவூட்டும்படி அதே 'ட்வைலைட்' பாட்டோடு வந்தது. எதற்கு வணக்கம் வைக்கிறார்கள் என்று தேடுகிற ஒருவனுக்குக் காப்பகம் பதில் சொல்ல முடியாவிட்டால் அதிகாரபூர்வப் படத்தின் பதிவும் சேர்த்தே ஊனமாகிறது.

கடைசியாக ஒரு முடிச்சு. பதினைந்து வயதில் ஒரு படம் செய்து போட்டவர் முப்பது வயதில் வெட்கப்பட்டோ வேறு காரணத்தாலோ அதை அழித்துவிடுகிறார். காப்பகத்திடம் ஒரு படி இருக்கிறது. நிறுவனம் அழித்தால் மீட்டு வைக்கிறோம், இவர் அழித்தால்? இரண்டையும் ஒரே விதியால் அளக்கச் சொல்கிறவர்கள் உண்டு, நடுநிலை என்ற பெயரில். எனக்கு இதில் நடுநிலை கிடையாது. வார்னர் நிறுவனத்துக்கு வெட்கம் என்ற ஒன்று இல்லை, வரிக் கணக்குதான் உண்டு. ஊரார் முன்னால் ஒரு காலத்தில் கூலியில்லாமல் ஆடிக் காட்டிய பிள்ளைக்கு மேடையைவிட்டு இறங்கும் உரிமை உண்டு. படத்தை எடுத்துவிடலாம், பெயரை மறைக்கலாம். இப்படி ஒரு படம் இன்ன வருஷம் இருந்தது என்ற ஒற்றை வரி மட்டும் போதும். முந்நூறு பேர் சேர்ந்து செய்த படத்தில் ஒருவர் மட்டும் தன் நாலு விநாடியை எடுத்துவிடச் சொன்னால், அந்த நாலு விநாடியை இருட்டாக்கிவிடலாம். ஆனால் பதிவுத் தாளில் முந்நூறு முந்நூறாகவே இருக்க வேண்டும்.